எத்தனை கிலோமீட்டர் இருக்கட்டும், எத்தனை கிலோ? மின்சார ஆஃப்ரோடு எஸ்யூவிகள் ஓர் ஒப்பீடு

மூன்று மாத இழுபறிக்குப் பிறகு ஜீப்பின் மின்சார எஸ்யூவியான ரீகானுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். என்னோடு சேர்ந்து மண்ணிலும் பாறையிலும் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேருக்கு இந்த முடிவு பிடிக்கவில்லை. "இவ்வளவு ரேஞ்ச் குறைவான வண்டியைப் போய்ப் பிடித்திருக்கிறீர்களே" என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். கேட்டதில் தப்பில்லை. 100 கிலோவாட் ஹவர் பேட்டரிக்கு நிறுவனம் சொல்லும் அதிகபட்ச தூரமே 250 மைல், அதாவது 400 கிலோமீட்டர். கரடுமுரடான வழிக்கென்றே வரும் மோஆப் வகையில் அதுவும் கொஞ்சம் குறைகிறது.

ஆனால் நான் ரேஞ்சைப் பார்த்து முடிவெடுக்கவில்லை, எடையைப் பார்த்து எடுத்தேன். அதற்கான காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் எங்கே நான்கு பேர் கூடி மின்சார ஆஃப்ரோடரைப் பற்றிப் பேசினாலும் முதல் கேள்வி "எவ்வளவு தூரம் போகும்?" என்பதாகவே இருக்கிறது. கிலோகிராம் பேச்சில் வருவதே இல்லை.

மின்சார வண்டி பாறையில் ஏறுமா என்ற சந்தேகம் எனக்கு முதல் நாளே தீர்ந்துவிட்டது. முழங்கால் உயரப் பாறைப்படி ஒன்றை என் டீசல் வண்டியில் ஏற்ற வேண்டுமானால் லோ ரேஞ்ச் (வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் கியர்) போட்டு, டிஃப் லாக் (இரு பக்கச் சக்கரங்களையும் சேர்ந்தே சுழல வைக்கும் பூட்டு) போட்டு, பிரேக்கையும் ஆக்ஸிலரேட்டரையும் சேர்த்து மிதித்து, ஏறிய நொடியில் மறுபக்கம் குதிக்காமல் பிடித்து நிறுத்த வேண்டும். பதினொரு வருடப் பழக்கத்துக்குப் பிறகும் பத்துக்கு மூன்று முறை சொதப்புவேன். நான்கு மோட்டார் மின்சார வண்டி ஒன்றில் அதே படியில் பெடலை நகம் அளவு அழுத்தினேன். முன் சக்கரம் பாறை விளிம்பைத் தொட்டு, ஒரு கணம் நின்று, ரப்பர் நசுங்கி, மெதுவாக மேலே வந்தது. காலை எடுத்ததும் அங்கேயே நின்றது. டயருக்கு அடியில் சரளை நொறுங்கும் சத்தம் கேட்டது. அந்த நிமிடத்திலேயே டீசலுக்குத் திரும்பும் ஆசை போய்விட்டது.

ஆக, கேள்வி மின்சாரமா டீசலா என்பதல்ல, எந்த மின்சார வண்டி என்பதுதான்.

மெர்சிடிஸ் ஜி 580 பழைய ஜி வேகனின் லேடர் ஃப்ரேமை (உடலுக்கு அடியில் ஏணி வடிவில் இருக்கும் தனிச் சட்டத்தை) விடாமல் வைத்துக்கொண்டு, அதற்குள் 116 கிலோவாட் ஹவர் பேட்டரியை உட்கார வைத்திருக்கிறது. 2024 ஏப்ரலில் வெளியான இந்த வண்டியில் பொறியாளர்களின் கவனம் தெரிகிறது. சக்கரத்துக்கு ஒரு மோட்டார், ஒவ்வொரு மோட்டாருக்கும் தனியாக லோ ரேஞ்ச் கியர். மின்மோட்டாருக்கு எதற்கு லோ ரேஞ்ச் என்று கேட்பார்கள். மோட்டார் சுழலாமல் முழு டார்க்கையும் கொடுத்தபடி நிற்கும்போது கரண்ட் முழுவதும் அதன் ஒரே கம்பிச்சுருளில் பாய்ந்து சூடேற்றும். பாறையில் ஏறும்போது பாதி நேரம் அப்படித்தான் நிற்கிறோம். கியர் இருந்தால் மோட்டார் கூடுதலாகச் சுற்றும், சூடு பரவும். அடியில் பேட்டரியைக் காக்க 26 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு கவசம் உண்டு, அதன் எடை மட்டும் 57.6 கிலோ. பழைய ஜி 700 மில்லிமீட்டர் தண்ணீரில்தான் இறங்கும், இது 850 வரை இறங்கும். எல்லாம் சரி, மொத்த எடை 3,085 கிலோ.

ரிவியன் ஆர்1எஸ் குடும்பத்தோடு போகிறவர்களுக்கு நல்ல தேர்வு. ஏர் சஸ்பென்ஷனை முழுக்க உயர்த்தினால் தரைக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவே 378 மில்லிமீட்டர் இடைவெளி வருகிறது. பெரிய டீசல் எஸ்யூவிகளிலும் இதைப் பார்ப்பது அபூர்வம். நெடுஞ்சாலையில் சொகுசு, மூன்று வரிசை இருக்கை. லோ ரேஞ்ச் இல்லை. எடை இதுவும் மூன்று டன்னுக்கு மேல்.

ஜிஎம்சி ஹம்மர் இவியை ஒரு வரியில் முடித்துவிடுகிறேன். நான்கு டன் வண்டி, அதில் ஒரு டன்னுக்கு மேல் பேட்டரி மட்டுமே.

இனி எடையைப் பற்றி நான் கற்றுக்கொண்ட இடம். போன குளிர்காலத்தில் நாங்கள் மூன்று வண்டிகளில் மணல்மேடுகளுக்குப் போனோம். என்னுடையதும் இன்னொருவருடையதும் இரண்டு டன்னைக் கொஞ்சம் தாண்டும் டீசல் வண்டிகள். மூன்றாவது, நண்பர் ஒருவரின் நான்கு மோட்டார் மின்சார எஸ்யூவி. எந்த நிறுவனம் என்பது முக்கியமில்லை. மூன்று டன் தாண்டிய எந்த வண்டிக்கும் அன்று அதே கதிதான் ஆகியிருக்கும்.

முதல் மேட்டை அவர் எங்களைவிட அழகாக ஏறினார். இரண்டாவது மேட்டின் உச்சிக்கு நாலடி கீழே வேகம் விழுந்தது. சக்கரம் கன்னாபின்னாவென்று சுழலவில்லை, மென்பொருள் ஒழுங்காகத்தான் கட்டுப்படுத்தியது. ஆனாலும் வண்டி இருந்த இடத்திலேயே நிதானமாக இறங்கிக்கொண்டு போனது. கதவைத் திறந்து பார்த்தபோது பக்கப்படி மணலில் படிந்திருந்தது. நான் என் வண்டியில் கயிறு கட்டி இழுத்தேன். அவர் வண்டி நகரவில்லை, என் பின்சக்கரங்கள்தான் குழி பறித்தன. கடைசியில் இரண்டு வண்டியையும் வரிசையாகக் கட்டி, நான்கு சக்கரத்துக்கும் முன்னால் மணலை வாரி, பலகை போட்டு எடுத்தோம். ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது.

ஊருக்குத் திரும்பியதும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணலில் போகும் முன் டயர் காற்றைக் குறைப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். காற்று குறைந்தால் டயர் சப்பையாகித் தரையில் பதியும் பரப்பு கூடும், அழுத்தம் குறையும், வண்டி மிதக்கும். தோராயமாகச் சொன்னால், டயருக்குள் எவ்வளவு அழுத்தமோ அவ்வளவுதான் மணல் மேலும் விழுகிறது. அப்படியானால் கனமான வண்டியிலும் என்னைப் போல 18 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வைத்தால் போதுமே என்று தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சிக்கல் டயரின் பக்கச்சுவரில் இருக்கிறது. சாமான், ஆட்களோடு 2,500 கிலோ வரும் என் டீசலில் ஒரு சக்கரத்தின் மேல் 625 கிலோ. அதே சுமையோடு 3,500 கிலோ வரும் வண்டியில் 875 கிலோ. அதே அளவு டயர், அதே 18 பிஎஸ்ஐ என்றால், அந்தக் கூடுதல் 250 கிலோவைத் தாங்க டயர் அந்த அளவுக்கு அதிகமாக நசுங்க வேண்டும். பக்கச்சுவர் மடிந்து ரிம்முக்கும் தரைக்கும் நடுவில் மாட்டும். ஒரு திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டே கழன்றுவிடும். கழலாமல் இருக்க, என் டயர் நசுங்கும் அளவுக்கே அதுவும் நசுங்க வேண்டுமானால் காற்று 25 பிஎஸ்ஐ இருந்தாக வேண்டும். அந்த 25தான் மணலை அமுக்கும் அழுத்தமும். மேட்டு உச்சியில் அவர் இறங்கிப்போனதும் நான் மிதந்துபோனதும் இந்த ஏழு பிஎஸ்ஐ வித்தியாசத்தால்தான். இதை எந்த மோட்டாரும் எந்த மென்பொருளும் ஈடுகட்ட முடியாது.

மாட்டிக்கொண்ட பிறகு கணக்கு இன்னும் மோசமாகிறது. சக்கரம் முழுக்கப் புதைந்த வண்டியை அசைக்க ஏறக்குறைய அதன் எடை அளவுக்கே இழுவிசை வேண்டும். அடிவயிறும் படிந்துவிட்டால் அதைவிடக் கூடுதல். மாட்டிய வண்டியைக் கயிறு சுற்றி இழுக்கும் வின்ச் வாங்கும்போது வண்டியின் மொத்த எடையில் ஒன்றரை மடங்கு என்பது பழைய விதி. 3,500 கிலோவுக்கு 5,250 கிலோ வேண்டும். பலரும் மாட்டியிருக்கும் 9,500 பவுண்டு வின்ச் 4,300 கிலோவோடு நின்றுவிடும். கயிறு, அதை மாட்டும் ஷேக்கிள் வளையம், இழுவைக் கொக்கி எல்லாமே ஒரு படி மேலே போக வேண்டும். உங்களுடையதை மாற்றினால் மட்டும் போதாது, உங்களை இழுக்க வருகிறவரிடமும் அது இருக்க வேண்டும். நான் போகும் குழுவில் மற்றவர்களின் வண்டிகள் இரண்டு டன்தான். நான் மட்டும் மூன்றரை டன்னோடு போனால், என்னை மீட்கும் பாரம் ஒவ்வொரு முறையும் அவர்கள் தலையில்தான் விழும். முடிவை அசைத்தது இந்த எண்ணம்தான்.

அன்று இன்னொன்றும் கவனித்தேன். நண்பர் மணலில் நுழையும்போது பேட்டரி 82 சதவீதம். வெளியே வரும்போது 47. ஓடியது 38 கிலோமீட்டர். பெரிய பேட்டரி என்பதால் அவர் கவலைப்படவில்லை. ஆனால் அதில் கணிசமான பங்கு அந்தப் பேட்டரியையே மணலில் இழுத்துக்கொண்டு போகச் செலவானது. ரேஞ்ச் வேண்டும் என்று பேட்டரியைப் பெரிதாக்குகிறோம், பேட்டரி கனத்தால் ரேஞ்ச் கரைகிறது.

எடை எல்லா இடத்திலும் எதிரி என்று சொல்ல மாட்டேன். பாறை வழியில் அந்தக் கனம் முழுக்கத் தரையோடு கிடப்பதால் பக்கச் சரிவில் மின்சார வண்டி அசையாமல் நிற்கிறது. டீசலில் என் கை தானாகக் கைப்பிடியைத் தேடும் கோணத்தில் அதில் சாதாரணமாக உட்கார்ந்திருந்தேன். பாறை மட்டுமே ஓட்டுகிறவர் என்றால் ஜி 580ஐ எடுங்கள், நான் மறுக்கவே மாட்டேன். எனக்கு வருடத்தில் பாதி மணலும் ஈரச் சேறும்தான்.

ஸ்கவுட் டிராவலர்தான் என்னை அதிகம் அலைக்கழித்தது. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் 1980 வரை தயாரித்த ஸ்கவுட்டின் பெயரை ஃபோக்ஸ்வாகன் குழுமம் எடுத்து, 2024 அக்டோபரில் புதுசாகக் காட்டியது. லேடர் ஃப்ரேம், பின்னால் திட அச்சு (இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே அச்சு), மெக்கானிக்கல் டிஃப் லாக் என்று ஆஃப்ரோடுக்காரர்கள் கேட்டதையெல்லாம் கொடுத்திருக்கிறார்கள். முழு மின்சாரத்தில் 350 மைல், சார்ஜ் செய்ய ஒரு பெட்ரோல் எஞ்சினும் சேர்ந்தால் 500 மைல் என்பது அவர்கள் வைத்திருக்கும் இலக்கு. முன்பதிவு செய்தவர்களில் எண்பது சதவீதத்துக்கு மேல் எஞ்சின் உள்ளதையே கேட்டிருக்கிறார்கள். அந்தப் பயம் எனக்கும் புரிகிறது. இருபது லிட்டர் கேனில் பெட்ரோலை எடுத்துப் போகலாம், கரண்டை எடுத்துப் போக முடியாது. மூன்று நாள் நடுவில் ஒரு சார்ஜரும் இல்லாத வழியில் போகிறவருக்கு அதுதான் சரியான வண்டி. ஆனால் என் பயணங்கள் அப்படியில்லை. காட்டுவழிக்குள் ஒரு நாளைக்கு நாற்பது கிலோமீட்டர் தாண்டுவது அபூர்வம். ரேஞ்சை விழுங்குவது அங்கே போய்ச் சேரும் நெடுஞ்சாலை, அங்கே சார்ஜர் இருக்கிறது. அந்த ஒரு வசதிக்காக எஞ்சின், பெட்ரோல் டேங்க், எக்ஸாஸ்ட் எல்லாவற்றையும் பேட்டரியோடு சேர்த்துச் சுமப்பதும், இரண்டுக்கும் பராமரிப்புப் பார்ப்பதும் எனக்கு ஒப்பவில்லை.

ரீகானுக்கு வருகிறேன். இது லேடர் ஃப்ரேம் வண்டியல்ல, திட அச்சும் இல்லை. நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன். ஜீப்பின் திட அச்சு வண்டியான ராங்லரில் வளர்ந்தவர்கள் இதைக் குறையாகச் சொல்கிறார்கள், குறுக்குப் பள்ளங்களில் சக்கரம் தொங்கும்போது அந்தக் குறை தெரியவும் கூடும். மோட்டார் இரண்டுதான். ஆனால் 33 அங்குல டயர், பின்னால் லாக் செய்யும் வசதி, 650 குதிரைசக்தி, மொத்த எடை மூன்று டன்னுக்குள். டீசலைவிட கனம்தான், மறைக்கவில்லை. சுமையோடு மணலில் இறங்கினால் என் 18க்கும் நண்பரின் 25க்கும் நடுவில் எங்கோ காற்று வைக்க வேண்டியிருக்கும். அதற்கு நான் தயார். 75 கிலோவாட் ஹவர் பேட்டரியோடு இன்னும் இலேசாக ஒன்று வந்திருந்தால் அதைத்தான் கேட்டிருப்பேன்.

இந்த வண்டியை நான் இன்னும் மணலில் ஓட்டவில்லை. கதவுகளைக் கழற்றி மாட்டிப் பார்த்தேன், கருவி எதுவும் தேவைப்படவில்லை. ஒரு காட்சி மைதானத்தில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பத்து நிமிடம் போனேன், அவ்வளவுதான். அடிப்பாகத்தில் அடி வாங்கிய பேட்டரியோடு ஐந்து வருடம் கழித்து விற்கப் போனால் என்ன விலை வரும் என்பதற்கு இவற்றில் எந்த வண்டியை வைத்தும் என் அனுபவத்தில் பதில் இல்லை. அந்த ஒரு விஷயத்தில் பழைய லேண்ட் க்ரூஸர் வைத்திருப்பவர் என்னைவிட நிம்மதியாகத் தூங்குவார்.

வண்டி கைக்கு வந்ததும் சாமான், தண்ணீர், கூடாரம், நான்கு பேர் என்று எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு நேரே எடைமேடைக்குப் போகப்போகிறேன். முன் அச்சு தனியாக, பின் அச்சு தனியாக. அந்த இரண்டு எண்களை வைத்துத்தான் டயரின் சுமைக் குறியீட்டையும் முதல் நாள் மணலுக்கான காற்றழுத்தத்தையும் முடிவு செய்வேன், வின்ச்சை அதற்கப்புறம்தான் வாங்குவேன்.