பேசும் எலும்புக்கூட்டை எதில் ஆட்டுவது? எக்ஸ்லைட்ஸ், பொட்டாங்கோ, வெறும் பலகை: பார்த்ததும் தேர்ந்ததும்

போன வருடம் எங்கள் மாமா தன் பேய் வீட்டுக்குப் பேசுகிற எலும்புக்கூடு ஒன்று வேண்டும் என்றார். நாகப்பட்டினம், திருவாரூர், மன்னார்குடி என்று எங்கே திருவிழா, பொருட்காட்சி நடந்தாலும் தகரக் கொட்டகை அடித்து டிக்கெட் போடுகிறவர் அவர். நான் கும்பகோணத்தில் சவுண்ட் சர்வீஸும் சீரியல் செட்டும் பார்க்கிறேன். வயர், ஆம்ப்ளிஃபயர், கண்ட்ரோல் போர்டு எல்லாம் பழகிய வேலை. பேச்சுக்கு ஏற்ப ஒரு தாடையை அசைக்கிற மென்பொருள்தான் எனக்குப் புதிது. நாலைந்து வழிகளைப் பார்த்துவிட்டு ஒன்றில் நின்றேன்: அசைவை எக்ஸ்லைட்ஸ் என்ற மென்பொருளில் எழுதி, ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியில் ஃபால்கன் பிளேயர் என்ற மென்பொருளை வைத்து ஓட்டுவது. அதன் பக்கம்தான் சாய்ந்து எழுதுகிறேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்த மென்பொருள்கள் எல்லாம் பெரும்பாலும் அமெரிக்காவில் வளர்ந்தவை. அக்டோபர் 31 ஹாலோவீனுக்கும் டிசம்பரில் கிறிஸ்துமஸுக்கும் வீட்டு வாசலில் விளக்கும் பொம்மையும் வைத்துப் பாட்டுக்கு ஆடவிடுகிறவர்கள் அங்கே நிறைய. நமக்கு அக்டோபர் கடைசி என்றால் மழை பிடிக்கிற நேரம், சம்பா வயலில் தண்ணீர் நிற்கும், வாசலில் எலும்புக்கூடு வைத்து யாரும் ஆட்டப் போவதில்லை. நம் கூட்டம் திருவிழாக் கூட்டம். வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 கொடியேறினால் செப்டம்பர் 8 வரை பதினோரு நாள், நள்ளிரவு தாண்டியும் ஜனம் நடந்துகொண்டே இருக்கும். அமெரிக்காவில் வாசலில் பொம்மை வைக்கிறவர் லேப்டாப்போடு பக்கத்திலேயே இருப்பார். இங்கே பொம்மைக்குப் பக்கத்தில் இருப்பது டிக்கெட் கிழிக்கிற பையன். என் முடிவு முழுக்க இந்த ஒரு வித்தியாசத்தில் இருந்துதான் வந்தது.

பொம்மை சாதாரணம். ஆள் உயர பிளாஸ்டிக் எலும்புக்கூடு, கழுத்துக்கு மூன்று எம்ஜி996ஆர் சர்வோ, அதாவது சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் மோட்டார் (திரும்ப, ஆட்ட, சாய்க்க), தாடைக்கு ஒரு சின்ன எம்ஜி90எஸ், கண்ணுக்கு இரண்டு சிவப்பு எல்இடி. தாடைக்கு பிளாஸ்டிக் பல்சக்கரம் உள்ள சர்வோ வாங்காதீர்கள், பல் தேய்ந்துவிடும்.

மென்பொருளே இல்லாத வழியை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒலியின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்துத் தாடையை நேரடியாகத் திறந்து மூடுகிற சின்னப் பலகைகள் இருக்கின்றன. பேச்சைக் கொடுத்தால் போதும், தாடை ஆடும். குறை என்னவென்றால் சத்தம் வந்த பிறகுதான் சர்வோ கிளம்பும், அது போய்ச் சேருவதற்குள் அந்த எழுத்து முடிந்திருக்கும். ஸ்டீரியோ கோப்பில் ஒரு தடத்தில் ஜனங்களுக்கான குரல், இன்னொரு தடத்தில் தாடைக்கான குரல் என்று பிரித்து, தாடைத் தடத்தைக் கொஞ்சம் முன்னால் தள்ளினால் இது சரியாகும். வீட்டுக் கொலுவிலோ பள்ளிக் கண்காட்சியிலோ மண்டையோடு ஒன்று மட்டும் பேசினால் போதும் என்றால் இதற்கு மேல் செலவு செய்ய வேண்டாம். தலையும் திரும்ப வேண்டும் என்றால்தான் இது போதாது.

விசுவல் ஷோ ஆட்டோமேஷன் பழைய, பெயர் வாங்கிய மென்பொருள், விண்டோஸில் ஓடுவது, காசு கொடுத்து வாங்க வேண்டும். ஒலி அலையைப் படித்துத் தாடை அசைவைத் தானே எழுதிக் கொடுக்கும், அது நன்றாகவே இருக்கிறது. நண்பர் ஒருவரின் கணினியில் இரண்டு மாலை மட்டும்தான் அதைத் தொட்டேன், அதனால் என் தீர்ப்பை ரொம்ப நம்ப வேண்டாம். நான் பார்த்த அமைப்பில் கணினி ஓடிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. விக்ஸனும் விண்டோஸ்தான், இலவசம், விளக்கு வேலைக்கு நல்லது. சர்வோவுக்கு நான் அதைப் பயன்படுத்தவில்லை.

உண்மையான போட்டி பொட்டாங்கோவுக்கும் எக்ஸ்லைட்ஸுக்கும்தான்.

அசைவின் அழகு என்று பார்த்தால் பொட்டாங்கோ ஒரு படி மேலே. கணினித் திரையில் பொம்மையின் உருவத்தை அமைத்து, வளைகோட்டைப் பிடித்து இழுத்து, தலை எங்கே மெல்லக் கிளம்பி எங்கே வேகம் பிடித்து எங்கே அடங்கி நிற்க வேண்டும் என்று வரையலாம். ஆர்டுயினோவோ ஈஎஸ்பி32-ஓ மாதிரி ஒரு கண்ட்ரோல் பலகையை இணைத்தால் வரைய வரையப் பொம்மை கூடவே ஆடும். எனக்குத் தெரிந்த பொம்மலாட்டக் கலைஞர் ஒருவர், வயதானவர், ஒரு நாள் கடைக்கு வந்து பார்த்துவிட்டு, "வாய் அசையறத வச்சு யாரும் நம்ப மாட்டாங்க தம்பி, தல அசையறத வச்சுத்தான் இது பேசுதுன்னு நம்புவாங்க" என்றார். அவர்கள் பொம்மைகளில் பலவற்றுக்கு வாயே திறக்காது. பேசுகிற பொம்மை அசையும், கேட்கிற பொம்மை நிற்கும், அதிலேயே யார் பேசுகிறார் என்று கடைசி வரிசைக்கும் தெரிந்துவிடும். அவர் சொன்ன பிறகு தாடையைவிடக் கழுத்துக்கு அதிக நேரம் கொடுத்தேன், அந்த வேலையைப் பொட்டாங்கோவில் செய்யும்போது கை தானாக ஓடியது. டிக்கெட் போட்டுக் காசு வாங்குகிற இடத்தில் வைப்பதாக இருந்தால் அதன் உரிம நிபந்தனைகளை ஒருமுறை படித்துவிடுங்கள்.

அப்புறம் ஏன் அதை விட்டேன்? மாமா முதல் நாளே சொன்னது: "எனக்குக் கம்ப்யூட்டர் எல்லாம் பாக்கத் தெரியாதுப்பா. சுவிட்ச போட்டா பேசணும், அவ்வளவுதான்."

திருவிழாக் கொட்டகையில் ராத்திரிக்கு நாலைந்து முறை லைனில் இருந்து ஜெனரேட்டருக்கும் ஜெனரேட்டரில் இருந்து லைனுக்கும் மாற்றுவார்கள். ஒவ்வொரு முறையும் சில விநாடிகள் கரண்ட் இருக்காது. ஆரம்பத்தில் நான் லேப்டாப்பில் இருந்து யூஎஸ்பி வழியாக ஆர்டுயினோவை ஓட்டி, சர்வோக்களுக்குத் தனியாக 5 வோல்ட் சப்ளை கொடுத்திருந்தேன். கரண்ட் போனபோது லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டே இருந்தது, ஆர்டுயினோவும் உயிரோடு இருந்தது, சர்வோக்கள் மட்டும் செத்துத் தலை தொங்கிவிட்டது. அசைவு தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்க, கரண்ட் திரும்பியதும் மூன்று சர்வோக்களும் ஒரே வீச்சில் அந்த நேரத்து நிலைக்குத் தாவின. கழுத்து பட்டென்று திரும்பி, தாடையைப் பிடித்திருந்த கம்பி பிடுங்கிக்கொண்டது. இது மென்பொருளின் குற்றம் இல்லை, நான் கரண்டை இரண்டு இடத்தில் இருந்து எடுத்ததன் விளைவு. ஆனால் லேப்டாப் நடுவில் இருக்கும் எந்த அமைப்பிலும் இந்த ஆபத்து கூடவே இருக்கும்.

பொட்டாங்கோவில் அசைவை ஏற்றுமதி செய்து கணினி இல்லாமல் பலகையிலேயே ஓட்ட முடியும், அதையும் முயன்றேன். ஆர்டுயினோ ஊனோவில் நிரலுக்கு 32 கிலோபைட்தான் இடம், நீண்ட வசனங்களின் அசைவை அதில் திணிப்பது கஷ்டம். எஸ்டி கார்டு வைத்து அதைச் சமாளிக்கலாம். நான் செய்த விதத்தில் ஒலிக்குத் தனியாக ஒரு எம்பி3 பலகை தேவைப்பட்டது, இரண்டையும் ஒரே நொடியில் கிளப்ப வேண்டியிருந்தது. வேலை செய்தது, ஆனால் வசனத்தில் ஒரு வரியை மாற்றினால்கூட ஒலியை ஒரு கார்டிலும் அசைவை இன்னொன்றிலும் மாற்ற வேண்டும், கொட்டகை வேதாரண்யத்தில் இருக்கும்போது நான் கும்பகோணத்தில் இருந்து பஸ் ஏற வேண்டும்.

ஃபால்கன் பிளேயரில் ஒலியும் அசைவும் ஒரே பெட்டியில், ஒரே கடிகாரத்தில் ஓடுகின்றன. எக்ஸ்லைட்ஸில் எழுதியதை ஒரு கோப்பாக்கி ராஸ்பெர்ரி பைக்கு அனுப்பிவிட்டால் லேப்டாப்புக்கு அங்கே வேலையே இல்லை. ராஸ்பெர்ரி பையும் சர்வோக்களும் ஒரே சப்ளையில் இருப்பதால் ஒன்றாகவே அணையும், ஒன்றாகவே எழும். மீண்டும் எழும்போது, சர்வோக்களை ஓட்டும் பிசிஏ9685 பலகை ஃபால்கன் பிளேயர் தயாராகும் வரை சர்வோவுக்குத் துடிப்பே அனுப்பாது, அதுவரை கழுத்து தளர்ந்து இருக்கும். முதல் அசைவாக நான் எப்போதும் தலையை நடுவுக்கு மெல்லக் கொண்டுவருவதையே வைத்திருக்கிறேன். பட்டென்ற தாவல் போய்விட்டது.

ஒரு நுணுக்கம் சொல்ல வேண்டும். நான் வைத்திருக்கும் ராஸ்பெர்ரி பை 3-இல் பேட்டரி வைத்த கடிகாரம் கிடையாது, இணையம் இல்லாத கொட்டகையில் அது தவறான மணியைக் காட்டும். மாலை 6 முதல் 12 என்று அட்டவணை போட்டால் பொம்மை பகலில் பேசிவிட்டு ராத்திரியில் மௌனமாக இருக்கும். எல்லா நாளும், 24 மணி நேரமும் என்று போட்டுவிட்டேன், சுவிட்ச்தான் இப்போது அட்டவணை. சும்மா இருக்கும்போது தலை மெல்ல இப்படியும் அப்படியும் திரும்பும். பையன் காலடியில் ஒரு சுவிட்ச் இருக்கிறது, மிதித்தால் ஓடிக்கொண்டிருப்பதை நிறுத்தி வசனம் நடுவில் நுழையும். ஆள் நடமாட்டம் பார்க்கிற சென்சார் வைத்துப் பார்த்தேன், நெரிசலில் அது ஓயாமல் உசுப்பிக்கொண்டே இருந்தது.

தமிழ்ப் பேச்சுக்கு எக்ஸ்லைட்ஸ் எப்படி என்று கேட்பீர்கள். வார்த்தைகளை வாய் வடிவங்களாக உடைக்க அதில் அகராதி இருக்கிறது, ஆங்கில அகராதி. தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் கொடுத்தாலும் அது திகைக்கும், ஒவ்வொன்றாக நாமே சேர்க்க வேண்டும். நான் அந்த வழியில் போகவில்லை. எலும்புக்கூட்டுக்கு உதடு இல்லை, ஒரு கீல் மட்டும்தான், பத்து வடிவமும் அதற்கு எதற்கு? சர்வோவின் மதிப்பை ஒலியின் அளவைப் பின்தொடரச் சொல்லும் வளைகோடு அதில் உண்டு, அதையே தாடைக்கு வைத்தேன்.

இதில் ஒரு சிக்கல் தமிழுக்கே உரியது மாதிரி அடிக்கடி வந்தது. "அப்பா" என்று சொன்னால் நடுவில் ப்ப வருகிற இடத்தில் சத்தமே நின்றுவிடும், தாடை தானாக மூடும், அழகாக இருக்கும். "ஐயோ அம்மா" என்று சொன்னால் ம்ம வருகிற இடத்தில் வாய் மூடியிருக்க வேண்டும், ஆனால் குரல் மூக்கு வழியாக முழு சத்தத்தில் ஓடுகிறது, தாடை திறந்தே கிடக்கும். பார்க்கிறவருக்குக் காரணம் தெரியாது, ஏதோ பொருந்தவில்லை என்று மட்டும் தோன்றும். அதனால் ம, ம்ம, ம்ப வருகிற இடங்களில் வளைகோட்டை வெட்டி, மூடிய நிலையைக் கையால் வைக்கிறேன். ஒரு நிமிட வசனத்துக்கு இருபது நிமிடம் ஆகும், அதற்குப் பலன் கண்ணெதிரே தெரிகிறது. தாடை அசைவு முழுவதையும் ஒலிக்கு இரண்டு மூன்று பிரேம் முன்னால் தள்ளிவிடுங்கள், 25 மில்லிநொடி பிரேம் வைத்தால் இதைத் துல்லியமாகச் செய்யலாம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். கழுத்து அசைவு பொட்டாங்கோ அளவுக்குக் குழைவாக வரவில்லை, எக்ஸ்லைட்ஸ் விளக்குக்காகப் பிறந்தது, சர்வோ அதில் பின்னால் வந்து சேர்ந்தது. ஆர்டுயினோ பலகை இரண்டு விநாடியில் எழும் என்றால் ராஸ்பெர்ரி பை எழ ஒரு நிமிடம் போல ஆகும், அந்த நேரத்தில் உள்ளே இருப்பவர்களுக்கு அது வெறும் பிளாஸ்டிக் பொம்மைதான். பெரிய பயம் எஸ்டி கார்டு. திடீரென்று கரண்ட் போகிற இடத்தில் எழுதிக்கொண்டிருக்கும் கார்டு கெட்டுப்போகலாம். எனக்கு ஒரு சீசனில் ஒரு முறை கெட்டது. ஒரே ஒரு சீசன்தான் ஓட்டியிருக்கிறேன் என்பதால் அது அடிக்கடி நடக்குமா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. அதே கார்டின் நகல் ஒன்றை இப்போது பிளாஸ்டிக் கவரில் போட்டு விலா எலும்புக்கு உள்ளே டேப் ஒட்டி வைத்திருக்கிறேன். கார்டை மாற்றுவதற்கு மட்டும் பையனுக்குச் சொல்லிக் கொடுத்தேன், இரண்டாவது தடவையே அவனாகச் செய்துவிட்டான்.

வேளாங்கண்ணியில் மூன்றாம் நாள் மாமா போன் செய்து, "அந்த 'திரும்பிப் பாக்காத'ங்கற வசனத்துக்குத்தான் எல்லாரும் சிரிக்கிறாங்க, பயப்படலையே" என்றார். அன்று மதியமே புது வரியைப் பேசிப் பதிந்து, அசைவு எழுதி, கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பையன் தன் போனில் ராஸ்பெர்ரி பையின் வைஃபையைப் பிடித்து, பிரவுசரைத் திறந்து அதை ஏற்றினான். சாயங்காலம் விளக்கு போடும்போது எலும்புக்கூடு புது வசனம் பேசியது.