பேசாத முகங்கள்: பெண்ணின் உள்ளத்தைச் சொல்லும் நான்கு ஜெர்மன் மொழிப் படங்கள்

மருத்துவமனைக்கு எதிரே பேருந்திலிருந்து ஒரு பெண் இறங்குகிறாள். அங்கே அவளுக்கு அன்றுதான் முதல் நாள். நேரம் இன்னும் ஆகவில்லை என்பதால் உள்ளே போகாமல் ஒரு பெஞ்சில் அமர்ந்து சிகரெட் பற்றவைக்கிறாள். மாடி ஜன்னலிலிருந்து இரண்டு ஆண்கள் அவளைக் கவனிக்கிறார்கள்; ஒருவர் அவளுக்கு மேலதிகாரியாகப் போகும் மருத்துவர், மற்றவர் கிழக்கு ஜெர்மனியின் ரகசியப் போலீசான ஸ்டாசியின் உளவு அதிகாரி. குறித்த நேரத்துக்கு ஒரு நொடி முன்னதாகக்கூட அவள் வரமாட்டாள் என்பது அவர்கள் பேச்சு. கிறிஸ்டியான் பெட்சோல்ட் இயக்கிய 'பார்பரா' (2012) இப்படித்தான் தொடங்குகிறது.

திரைப்படக் கல்வி எதுவும் எனக்கு இல்லை. வேலை முடிந்த இரவுகளில் சப்டைட்டிலோடு படம் பார்க்கிற சாதாரணப் பார்வையாளருள் நானும் ஒருவர். ஒரு பெண்ணின் மனத்தில் இருப்பதை அவள் வாயாலேயே சொல்லவைப்பது எந்த இயக்குநருக்கும் எளிது. அவளைப் பேசவைக்காமலே நமக்குப் புரியவைப்பது கடினம். அந்தக் கடினமான வழியில் எவ்வளவு தூரம் போயின என்பதை வைத்தே இந்த நான்கு படங்களும் எனக்குப் பிடித்தன, அல்லது மனத்தில் ஒட்டாமல் போயின.

'பார்பரா'வின் கதை 1980ஆம் ஆண்டின் கோடையில், கிழக்கு ஜெர்மனியில் நடக்கிறது. நாட்டைவிட்டு வெளியேற விண்ணப்பித்த குற்றத்துக்காக, பெர்லினின் புகழ்பெற்ற ஷாரிட்டே மருத்துவமனையில் பணியாற்றிய பார்பரா என்ற மருத்துவர் கடலோர மாகாணத்தின் சிறு மருத்துவமனைக்குத் தூக்கியடிக்கப்படுகிறாள். வீட்டைச் சோதிக்க ஆட்கள் வருகிறார்கள். அவள் உடலையும் சோதிக்கக் கையுறை அணிந்த ஒரு பெண் வருகிறாள். பார்பராவாக நடிக்கும் நீனா ஹோஸ் அந்தக் காட்சியில் அழுவதும் இல்லை, கத்துவதும் இல்லை. ஆனால் அடுத்த முறை வாசல் மணி ஒலிக்கும்போது நம் வயிறு கலங்குகிறது. அதே பார்பராதான், சீர்திருத்த முகாமிலிருந்து தப்பி மூளையுறைக் காய்ச்சலோடு கொண்டுவரப்படும் ஸ்டெல்லா என்ற சிறுமியின் படுக்கையருகே அமர்ந்து புத்தகம் படித்துக் காட்டுகிறாள். வெளியே இறுகிக் கிடக்கும் முகம் அங்கே மட்டும் இளகுவதைப் பார்க்கவே இந்தப் படத்தை மூன்று முறை பார்த்திருக்கிறேன். பெர்லின் திரைப்பட விழாவில் சிறந்த இயக்குநருக்கான வெள்ளிக் கரடி விருதை இது பெற்றது முற்றிலும் தகும்.

தமிழில் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். நம் மொழியைப் போலவே ஜெர்மனிலும் 'நீ', 'நீங்கள்' என்ற வேறுபாடு உண்டு. ஆங்கில சப்டைட்டில் இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறது. ஆனால் காதைக் கூர்மையாக்கிக்கொண்டால் 'டூ', 'ஸீ' என்ற இரு ஒலிகளும் விரைவில் பிடிபட்டுவிடும். மேற்கு ஜெர்மனியிலிருந்து வரும் காதலனோடு 'நீ' என்றும் உடன் பணிபுரியும் மருத்துவரோடு 'நீங்கள்' என்றும் பார்பரா பேசுகிறாள். அப்படியிருந்தும் அவள் மனம் யாரை நோக்கி நகர்கிறது என்பதைக் கவனித்தால், மரியாதைச் சொல்லுக்குள் எவ்வளவு நெருக்கம் இருக்கமுடியும் என்பது நமக்கு யாரும் விளக்காமலே புரிந்துவிடும்.

ஆஸ்திரிய எழுத்தாளர் மார்லென் ஹவுஸ்ஹோஃபரின் 1963ஆம் ஆண்டு நாவலைக் கொண்டு யூலியான் பொல்ஸ்லர் எடுத்த 'டி வாண்ட்' (2012), அதாவது 'சுவர்', முழுக்க வேறு வகை. ஆல்ப்ஸ் மலையின் வேட்டை விடுதிக்கு உறவினர்களோடு வரும் ஒரு பெண், மறுநாள் காலையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சுவருக்குள் தான் அடைபட்டிருப்பதைக் கண்டுகொள்கிறாள். துணைக்கு ஒரு நாய், ஒரு பசு, ஒரு பூனை மட்டுமே. அவள் உருளைக்கிழங்கு நடுகிறாள், அரிவாளால் புல்லறுக்கிறாள், பால் கறக்கிறாள், கிடைத்த பழைய காகிதங்களில் நடந்ததையெல்லாம் எழுதிவைக்கிறாள். அவளாக நடிக்கும் மார்ட்டினா கெடெக்கின் கைகள் பருவத்துக்குப் பருவம் வேலைக்குப் பழகிவருவதைக் காணும்போது, உயிர் வாழ வேண்டும் என்ற முடிவை அவள் எந்த நாளிலும் தனியாக எடுக்கவில்லை, பசுவுக்கு வைக்கோல் வேண்டுமே என்ற கவலைதான் அவளை எழுப்பி நடமாட வைத்தது என்று தோன்றியது. என் குறை ஒன்றுதான்: பின்னணிக் குரல் அளவுக்கு மீறிப் பேசுகிறது. நாவலின் வரிகள் அழகானவை என்பதில் ஐயமில்லை, ஆயினும் முகம் ஏற்கெனவே சொல்லிவிட்டதைக் குரல் திரும்பவும் சொல்லும்போது அந்த மலையின் அமைதி கலைந்துபோகிறது.

மாரி க்ரோய்ட்சரின் 'கோர்சாஷ்' (2022) எனக்கு ஏமாற்றம் தந்தது. நாற்பது வயதை எட்டும் ஆஸ்திரியப் பேரரசி எலிசபெத்தாக விக்கி க்ரீப்ஸ் உயிரைக் கொடுத்து நடித்திருக்கிறார். இடுப்புக்கச்சையை இன்னும் இறுக்கு, இன்னும் இறுக்கு என்று அவர் பணிப்பெண்ணை ஏவும் காட்சி மறக்கமுடியாதது. ஆனால் வரலாற்றை மீறித் துணிச்சல் காட்டுவதில் படம் கொள்ளும் ஆர்வம், அந்தப் பெண் தனித்திருக்கும்போது என்ன நினைக்கிறாள் என்பதில் இல்லை.

மாரன் ஆடேயின் 'டோனி எர்ட்மான்' (2016) 162 நிமிடம் ஓடுகிறது. விடுமுறை நாளில் பாருங்கள். புக்காரெஸ்ட் நகரில் நிறுவன ஆலோசகராக இருக்கும் இனெஸைத் தேடி, பொய்ப் பல்லும் பொய் முடியுமாக அவள் தந்தை வந்து நிற்கிறார். தன் பிறந்தநாள் விருந்தன்று, முதுகுப்பக்க ஜிப்பை எட்டமுடியாமல், முள்கரண்டியைக் கொடுத்து இழுத்துப் பார்க்கிறாள் இனெஸாக நடிக்கும் சான்ட்ரா ஹுல்லர். உதவிக்கு வீட்டில் ஒருவரும் இல்லை. அழைப்பு மணி அடிக்கிறது. பல ஆண்டுகளாக அவள் கட்டிக்காத்த கட்டுப்பாடு முழுவதும் அந்த ஒரு ஜிப்பில் வந்து நிற்பதுபோல் இருந்தது எனக்கு. அதன்பின் அவள் எடுக்கும் முடிவை இங்கே சொல்லமாட்டேன். இந்த நான்கில் ஒன்றை மட்டும் பார்க்க நேரமுள்ளவர்கள் 'பார்பரா'வைப் பார்க்கலாம்; இரண்டு பார்க்கமுடிந்தால் அடுத்தது இதுதான்.