ஜீவனாம்சப் பாக்கிக்கு வாரண்ட் வந்தால்: இலவச சட்ட உதவி எப்படி இருக்கிறது?

ஜீவனாம்சப் பாக்கிக்காக வாரண்ட் வந்து நிற்கிறதா? வட்டிக்குப் பணம் புரட்ட ஓடுவதற்கு முன் உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள். குறைகள் இருக்கின்றன, அவற்றையும் சொல்கிறேன், ஆனாலும் போங்கள்.

என் சித்தப்பா மகன் லோடுமேன். கால் முறிந்து வீட்டில் கிடந்ததில் மகளுக்குக் கட்ட வேண்டிய மாதத் தொகை நின்று போய், பாக்கி ஏறி, கடைசியில் கிளைச் சிறைக்கே கொண்டு போய்விட்டார்கள். காவலில் இருப்பவருக்கு இலவச வக்கீல் கிடைக்க வருமான வரம்பு கிடையாது, 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12-வது பிரிவிலேயே இருக்கிறது. அலுவலகத்தில் இருந்தவர் இதை அவராகவே சொல்லி, சிறைக்குள்ளேயே மனுவில் கையெழுத்து வாங்க ஏற்பாடு செய்தார். ஒரு ரூபாய் கேட்கவில்லை. குழந்தையின் அம்மாவுக்கும் இதே உதவி உண்டு, பெண்களுக்கும் வரம்பு இல்லை, அப்படி இருப்பதுதான் நியாயம்.

சொதப்பியது வக்கீல் விஷயத்தில். முதலில் நியமித்தவர் வாய்தாவுக்கு வரவே இல்லை. வேறு ஆள் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் மாற்றித் தருகிறார்கள், ஆனால் அப்படிக் கேட்கலாம் என்று யாரும் சொல்வதில்லை. உள்ளே இருப்பவனுக்கு ஒரு வாய்தா வீணாவது சின்ன விஷயமா?

அடுத்து வந்த வக்கீலம்மா அருமை. 'போதிய காரணம் இல்லாமல்' கட்டத் தவறினால்தான் சிறை என்று சட்டத்திலேயே இருக்கிறது (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவு, 2024 ஜூலையிலிருந்து அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 144-வது பிரிவு) என்று சொல்லி டிஸ்சார்ஜ் சீட்டு, எக்ஸ்ரே, பாஸ்புக் எல்லாவற்றையும் கேட்டு வாங்கினார். வேலை இல்லை என்று வாயால் சொன்னால் எடுபடாது, உடம்பில் தெம்பு இருப்பவன் கூலி வேலை செய்தாவது கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் சொல்லிவிட்டது. தொகை கட்ட வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனுப் போடாவிட்டால் அந்தப் பாக்கிக்கு இந்தப் பிரிவில் வாரண்ட் போட முடியாது. அப்புறம், ஜெயிலுக்குப் போய் வந்தால் கணக்குத் தீர்ந்தது என்று ஊரில் பேசுகிறார்களே, அது சுத்தத் தவறு. 1989-ல் குல்தீப் கவுர் என்பவரின் வழக்கில் உச்ச நீதிமன்றத்திலேயே சிறை என்பது வசூலுக்கான வழி மட்டும்தான், தொகை அப்படியே நிற்கும் என்று தீர்ப்பாகிவிட்டது.

எனக்கு உண்மையான கோபம் வேறு இடத்தில். வருமானம் போனால் தொகையைக் குறைக்கச் சொல்லி பி.என்.எஸ்.எஸ். 146-வது பிரிவில் மனுப் போடலாம், கால் முறிந்த வாரமே போட்டிருக்கலாம், தகுதி இருந்தால் அதற்கும் இலவசமாக வக்கீல் தருவார்கள். அந்த அலுவலகச் சுவர் முழுக்க லோக் அதாலத் (சமரசத்துக்கான மக்கள் நீதிமன்றம்) போஸ்டர்தான், இதைப் பற்றி ஒரு வரி இல்லை. ஆள் உள்ளே போன பிறகு ஓடி வந்து உதவுவதைவிட, போகாமல் தடுக்கும் இந்த ஒரு தகவல்தான் ஏழைகளுக்குத் தேவை. அப்பன் உள்ளே இருந்தால் அந்தக் குழந்தைக்கு யார் சம்பாதித்துக் கட்டுவது?

கொஞ்சம் கட்டி, மீதிக்குத் தவணை வாங்கி அவன் வெளியே வந்துவிட்டான். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 15100-க்குப் போன் செய்யுங்கள், கட்டணம் இல்லை. போகும்போது கோர்ட் உத்தரவின் நகல், ஆதார், மருத்துவச் சீட்டுகள் கையில் இருக்கட்டும்.