வாட்சன் ஓட்டலா, நாவல்டி தியேட்டரா?

பம்பாயில் முதல் சினிமா காட்டியது வாட்சன் ஓட்டல் என்பது பலருக்குத் தெரியும். 1896 ஜூலை 7. சினிமாவின் முன்னோடிகளான பிரான்ஸின் லூமியர் சகோதரர்களின் ஆள் மாரியுஸ் செஸ்தியே ஆறு குறும்படங்களைத் திரையிட்டார். டிக்கெட் ஒரு ரூபாய். அந்தக் காலத்துக் கூலிக்காரருக்கு அது சாதாரணத் தொகையா என்ன! இங்கிலாந்திலிருந்து இரும்புச் சட்டங்களைக் கப்பலில் கொண்டுவந்து கட்டிய, வெள்ளைக்காரர்கள் தங்கும் ஓட்டல் அது.

ஒரே வாரத்தில் காட்சி நாவல்டி தியேட்டருக்கு மாறியது. பார்சி நாடகங்கள் நடந்த மேடை அது. ஊர்ச் சனங்களுக்குப் பழகிய இடம். அப்புறம் கட்டணத்தையும் பிரித்தார்கள்: நாலணாவிலிருந்து இரண்டு ரூபாய் வரை. கோஷா, அதாவது பிற ஆண்கள் கண்ணில் படாமல் இருக்கும் வழக்கம் கடைப்பிடிக்கும் பெண்களுக்குத் தனி அடைப்பு இருந்தது. குடும்பம் முழுவதும் சினிமாவுக்குப் போக வழி பிறந்தது இதனால்தான்.

வசதி, முதல் என்ற பெருமை இரண்டும் வாட்சனுக்கு. என் ஓட்டு நாவல்டிக்கே. நாலணாக்காரருக்கும் கதவு திறந்த இடத்தில்தான் இந்திய சினிமா ரசிகர் பிறந்தார். வாட்சன் கட்டடம் மும்பையின் காலாகோடா பகுதியில் இன்னும் நிற்கிறது. போனால் அவசியம் பாருங்கள்.