ஃபேட்ஸ் வாலர் 'முழுத் தொகுப்பு' வாங்கப் போகிறீர்களா? பணம் கட்டும் முன் இதைப் பாருங்கள்

ஃபேட்ஸ் வாலர் அமெரிக்க ஜாஸ் பியானோக் கலைஞர், பாடகர்; 'ரிதம்' அவருடைய சிறு குழு. வந்தது நான்கு சிடி, 100 தடம். அட்டையில் "ஃபேட்ஸ் வாலர் அண்ட் ஹிஸ் ரிதம், 1934 முதல் 1943 வரை, முழுத் தொகுப்பு" என்று போட்டிருந்தது. கூடவே "1935 முதல் அச்சு" என்ற விளம்பரத்தோடு ஒரு 78, அதாவது நிமிடத்துக்குச் சுமார் 78 சுற்று ஓடும் பழைய அரக்கு இசைத்தட்டு. இரண்டும் ஒரே ஆன்லைன் விற்பனையாளர் ஒரே பார்சலில் அனுப்பியவை. அட்டையில் இருந்ததற்கும் உள்ளே இருந்ததற்கும் சம்பந்தமே இல்லை. விற்றவர் பெயரை இங்கே எழுதவில்லை. இதே சரக்கு பல கடைப் பெயர்களில் சுற்றுகிறது. பெயரைத் தெரிந்துகொள்வதைவிட சரக்கை அடையாளம் தெரிந்துகொள்வது உபயோகம்.

முதல் பொய் அட்டையிலேயே இருக்கிறது. வாலர் விக்டர் இசைத்தட்டுக் கம்பெனிக்காக இந்தச் சிறு குழுவோடு முதலில் பதிவு செய்தது 1934 மே 16. ஹெர்மன் ஆட்ரி டிரம்பெட், பென் விட்டெட் கிளாரினெட், அல் கேசி கிட்டார், பில்லி டெய்லர் பாஸ், ஹாரி டயல் டிரம்ஸ்; பியானோவும் பாட்டும் வாலர். கிளாரினெட்டும் டெனர் சாக்ஸும் ஊதும் ஜீன் செட்ரிக் சில மாதத்தில் வந்து சேர்ந்தார். குழுவின் கடைசிப் பதிவு 1942 ஜூலை. ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் ரெக்கார்டிங் வேலைநிறுத்தத்தைத் தொடங்கியது. விக்டர் கம்பெனி சங்கத்தோடு ஒப்பந்தத்துக்கு வந்தது 1944 நவம்பரில். அதற்குள் வாலர் இல்லை. 1943 டிசம்பர் 15 அன்று ரயிலிலேயே நிமோனியாவில் இறந்துவிட்டார். ஆக, 1943-ல் இந்தக் குழு விக்டருக்குச் செய்த ஸ்டுடியோ பதிவு என்று ஒன்று இருக்க வழியில்லை. அந்த வருடத்து வாலர் ஒலி என்று கிடைப்பதெல்லாம் சினிமாவுக்கு வாசித்தது, ராணுவத்தினருக்கான வி-டிஸ்க், ரேடியோ. நல்ல சரக்குதான், ஆனால் வேறு சரக்கு.

"முழு" என்ற சொல்லும் கணக்கில் நிற்காது. மூன்று நிமிடப் பாட்டு ஒரு சிடியில் இருபத்தைந்துக்குச் சற்று மேல்தான் கொள்ளும். ரிதம் குழுவின் பதிவுகள் 300-ஐத் தாண்டும். நான்கு சிடியில் அது அடங்கவே அடங்காது. வாலரின் எல்லாப் பதிவுகளையும் ஒழுங்காக வெளியிட்ட ஜேஎஸ்பி நிறுவனத்துக்கு, தனிப் பியானோ உட்பட, ஆறு பெட்டியும் 24 சிடியும் தேவைப்பட்டன.

சரி, உள்ளே என்னதான் இருந்தது? கால்வாசி பியானோ சுருள். வாலர் 1923 தொடங்கி கியூஆர்எஸ் கம்பெனிக்காகக் காகிதச் சுருள்களில் வாசித்துக் கொடுத்தார். அந்தச் சுருளைப் பிற்காலத்தில் தானியங்கிப் பியானோவில் ஓடவிட்டு மைக் வைத்துப் பிடித்ததுதான் இந்தத் தடங்கள். இரைச்சல் துளிகூட இருக்காது, அதுதான் பொறி. விற்பனைப் பக்கத்தில் கேட்கக் கொடுத்த முப்பது விநாடி மாதிரி மூன்றும் சுருளிலிருந்து எடுத்தவை. "இவ்வளவு சுத்தமான 1934 ஒலியா!" என்று வாங்குகிறவர் வாய் பிளக்க, அது 1934-ம் இல்லை, குழுவும் இல்லை. அடையாளம் எளிது. சுருளில் துளை மட்டுமே. விரல் அழுத்தம் பதிவாகாது. அதனால் எல்லா ஸ்வரமும் ஒரே கனத்தில் விழும். அச்சுக்கு முன் கூடுதல் துளை போடுவதும் வழக்கம், ஆகவே சில இடத்தில் மூன்று கை வாசிப்பதுபோல் கேட்கும். குரல் இல்லை, பாஸ் இல்லை.

அடுத்த கலப்படம் தனிப் பியானோப் பதிவுகள். இதற்குப் பாட்டின் பெயரை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். 'ஹனிசக்கிள் ரோஸ்' ஒன்றையே எடுங்கள். 1934 நவம்பரில் ரிதம் குழுவோடு ஒன்று; 1935-ல் ரேடியோ நிலையங்களுக்கான தட்டில் தனியாக ஒன்று; 1937-ல் டாமி டார்சி, பன்னி பெரிகன் கூட முன்னேற்பாடில்லாமல் சேர்ந்து வாசித்த 'ஜாம்' பதிவு ஒன்று; 1941-ல் மறுபடி தனியாக ஒன்று. பெட்டியில் இந்தப் பாட்டு மூன்று முறை இருந்தது, மூன்றிலும் "ரிதம், 1934" என்றே அச்சு. உண்மையில் 1934 பதிவு அதில் இல்லவே இல்லை!

லண்டனில் 1938 ஆகஸ்டில் எச்எம்விக்காக அங்குள்ள கலைஞர்களோடு 'கான்டினென்டல் ரிதம்' என்ற பெயரில் பதிவு செய்த பாட்டுகளும் பெயர் சுருக்கப்பட்டு உள்ளே நுழைந்திருந்தன. டிராம்போன் கேட்டால் லண்டன் பதிவு என்று சிலர் சொல்வார்கள். அது போதாது, 1934 செப்டம்பர் நியூயார்க் பதிவிலும் டிராம்போன் உண்டு. ஒவ்வொரு தடத்துக்கும் பதிவுத் தேதி, ஊர், மேட்ரிக்ஸ் எண் (பதிவு செய்தபோது கம்பெனி கொடுத்த அடையாள எண்) மூன்றும் அச்சிடாத பெட்டியைத் தொடாதீர்கள். விக்டரின் பத்து அங்குலத் தட்டுக்கு அந்த எண் அப்போது 'பிஎஸ்' என்று தொடங்கும்.

மீதியிருந்த நிஜ ரிதம் பாட்டுகளின் ஒலியைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். முதலில் வேகம். 78 என்று சொல்லும் தட்டு அமெரிக்க மின்சாரத்தில் ஓட வேண்டியது நிமிடத்துக்கு 78.26 சுற்று. இங்கே பல தடங்கள் 80-ஐ ஒட்டி ஓடியிருக்கின்றன. மூன்று நிமிடப் பாட்டில் நான்கு விநாடி குறையும்; சுருதி சுமார் 38 சென்ட் எகிறும் (அரை ஸ்வரம் என்பது 100 சென்ட்), வாலரின் குரல் மெலிந்துவிடும். போனில் ஒரு டியூனர் ஆப்பைத் திறந்து நீளமாக நிற்கும் பியானோ ஸ்வரங்களைப் பாருங்கள். எல்லாம் ஒரே அளவு மேலே நின்றால் தவறு தட்டை ஓட்டியவருடையது.

அதைவிடப் பெரிய பாவம் இரைச்சலை வடிகட்டுவது. அரக்குத் தட்டில் கல்தூள் கலந்திருக்கும், அதனால் 'ஸ்ஸ்' என்ற சத்தம் அதன் கூடப்பிறந்தது. அதைத் துடைத்தெறிய 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டியிருக்கிறார்கள். அதோடு போவது என்ன? அல் கேசி ஒரு தாளவட்டத்துக்கு நான்கு தட்டு தட்டுவார், அந்தப் பிக் கம்பியில் படும் 'சக்' போய்விட்டது. மொத்தையாக ஒரு முனகல் மிஞ்சுகிறது. டிரம்ஸ் பிரஷ் காணோம். டிரம்பெட் தனியாக ஊதும்போது பின்னால் வாலர் தாழ்ந்த குரலில் விடும் கிண்டல்கள்தான் இந்தப் பதிவுகளின் உயிர். மென்பொருள் அவற்றையும் இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு பாதி வார்த்தையில் நறுக்குகிறது. நீள ஸ்வரங்களின் வாலில் குழாய்த் தண்ணீர் ஓடுவதுபோல ஒரு களகளப்பு வேறு. விற்றவரைக் கேட்டதற்கு வந்த பதில்: "பழைய ரெக்கார்டிங் அப்படித்தான் சார் இருக்கும்." இல்லை. ஒலிப் பொறியாளர் டெட் கெண்டல் ஜேஎஸ்பிக்குப் பழைய தட்டிலிருந்து மாற்றிக்கொடுத்ததில் பிரஷ் தெளிவாகக் கேட்கிறது, இரைச்சலும் கொஞ்சம் கேட்கிறது. அப்படித்தான் இருக்க வேண்டும்.

இனி அந்த 78. படத்தில் நாயும் கிராமபோனும் தெரிந்தன, "ஒரிஜினல் விக்டர்" என்றார்கள். அந்த நாய் இங்கிலாந்து எச்எம்வியிலும் உண்டு, கல்கத்தா டம்டம் ஆலையில் அச்சான தட்டிலும் உண்டு. பார்க்க வேண்டியது எண். 1934 தட்டு 24 ஆயிரத்திலும், 1935 தட்டு பெரும்பாலும் 25 ஆயிரத்திலும் வரும். 1938 கடைசி முதல் அவர் பாட்டுகள் விலை குறைந்த புளூபேர்ட் லேபிளில், முதலில் 'பி-10' என்று தொடங்கும் எண்களில் வந்தன. வந்த தட்டின் எண் '20-' என்று தொடங்கியது. அந்த வரிசையே 1942-ல்தான் பிறந்தது. லேபிளில் பெரிதாக 'ஆர்சிஏ விக்டர்' என்றும் இருந்தது, அது 1946-க்குப் பிறகு. மறு அச்சை மறு அச்சு என்று சொல்லி அந்த விலைக்கு விற்றிருந்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை.

தட்டில் விளிம்பிலிருந்து ஒரு மயிரிழை விரிசலும் இருந்தது. படத்தில் நேர் வெளிச்சம், அதனால் தெரியவில்லை. விளக்கைப் பக்கவாட்டில் காட்டி எடுத்த படம் கேளுங்கள். கைக்கு வந்ததும் நடுத்துளையில் விரலை மாட்டித் தொங்கவிட்டு விளிம்பில் மெல்லத் தட்டுங்கள். நல்ல தட்டு 'டங்' என்னும், விரிந்தது 'டொக்' என்னும். ஓட்டினால் சுற்றுக்கு ஒரு 'டிக்'. ஓட்டுவதும் எல்பி ஊசியில் வேண்டாம், அது 0.018 மில்லிமீட்டர், பள்ளத்தின் அடியில் கிடந்து அழுக்கைச் சுரண்டும். 78-க்கு 0.075 மில்லிமீட்டர் ஊசி வேண்டும்.

பார்சலில் ஒரு துண்டுச்சீட்டும் இருந்தது: "ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கவும்." தயவுசெய்து செய்யாதீர்கள். ஆல்கஹால் அரக்கைக் கரைக்கும், பள்ளமே வழிந்துவிடும். காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு, லேபிள் நனையாமல், அவ்வளவுதான். கட்டியிருந்ததும் ஒரே சுற்று பபிள் ராப், ஒரு கவர். அரக்குத் தட்டுக்கு இரு பக்கமும் இரண்டிரண்டு கெட்டி அட்டை, பெட்டிக்குள் பெட்டி, நடுவில் ஐந்து சென்டிமீட்டர் மெத்தை இல்லாமல் வந்தால் உடையாமல் வருவது அதிர்ஷ்டம்.

சிடிப் பெட்டிக்குப் பணம் திரும்பக் கிடைத்தது. விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டில் "1943" என்று இருந்ததும், வேலைநிறுத்தத் தேதியும் சேர்ந்தபோது தளத்தின் புகார்ப் பிரிவு மேலே வாதாடவில்லை. 78-க்குக் கிடைக்கவில்லை. "உடைந்தது வழியில், கூரியரிடம் கேளுங்கள்" என்பதோடு பேச்சு முடிந்தது. முகவரிச் சீட்டில் தொடங்கித் தட்டை வெளியே எடுக்கும் வரை வெட்டாமல் எடுத்த ஒரு வீடியோ இல்லாமல் போனதுதான் காரணம்.