அமெரிக்க ஸ்போர்ட்ஸ் ஸ்காலர்ஷிப் வழிகாட்டி மையம், ராமநாதபுரம்: அப்ளிகேஷன் ஃபைல் தயார் செய்யப் போகலாம், காலேஜ் தேர்வை அவர்களிடம் விடாதீர்கள்

எங்கள் அக்கா மகள் டிரிபிள் ஜம்ப் வீராங்கனை. தேவிபட்டினத்தில் இருந்து பஸ் பிடித்து சீதக்காதி சேதுபதி ஸ்டேடியத்துக்குப் பயிற்சிக்கு வருகிறாள், பிளஸ் டூ முடித்ததும் அமெரிக்காவில் ஸ்காலர்ஷிப்பில் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. நடக்காத காரியம் இல்லை. தேஜஸ்வின் சங்கர் கன்சாஸ் ஸ்டேட் யுனிவர்சிட்டியில் படித்துக்கொண்டே 2018லும் 2022லும் என்சிஏஏ (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பு) ஹை ஜம்ப் பட்டம் வாங்கியவர். அதனால்தான் டவுனில் இருக்கும் ஒரு வழிகாட்டி மையத்துக்குப் போனோம். பெயர் போடவில்லை. மதுரை, திருச்சி என்று எந்த ஊர் மையத்துக்குப் போனாலும் நான் கடைசியில் சொல்லும் கேள்விகளைக் கேட்டாக வேண்டும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஃபைல் வேலை சுத்தம். தகுதியைச் சரிபார்க்கும் என்சிஏஏ எலிஜிபிலிட்டி சென்டரில் பதிவு, ஒன்பதாம் வகுப்பில் இருந்து மார்க் ஷீட், எல்லாவற்றையும் அங்கிருந்த தம்பி எங்கள் அக்காவுக்குப் புரிகிற மாதிரி பொறுமையாகச் சொன்னார். என்சிஏஏவின் மூன்றாம் பிரிவான டிவிஷன் 3 கல்லூரிகள் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப் தருவதில்லை, அங்கே அப்ளிகேஷன் போட்டுப் பணத்தை வீணாக்காதீர்கள் என்றும் நேர்மையாகச் சொன்னார். வீடியோ விஷயத்தில் அவர் சொன்னது ரொம்ப உபயோகமானது: பக்கவாட்டில் நின்று, ஓடி வருவதில் இருந்து மணலில் விழுகிற வரை ஒரே ஷாட், நடுவில் வெட்டக்கூடாது, எம்பித் தாண்டுகிற போர்டில் கால் எங்கே படுகிறது என்று கோச்சுக்குத் தெரிய வேண்டும், பாட்டெல்லாம் சேர்க்கக்கூடாது.

பிரச்சினை காலேஜ் லிஸ்ட்டில். லேமினேட் போட்ட கலர் தாள், அதில் பேக்-12 என்ற கான்ஃபரன்ஸுக்கு (தங்களுக்குள் போட்டி நடத்தும் யுனிவர்சிட்டிகளின் கூட்டமைப்பு) ஒரு கட்டம், யுசிஎல்ஏ, ஸ்டான்ஃபோர்ட், வாஷிங்டன் ஸ்டேட் எல்லாம் அதற்குள். அந்தக் கான்ஃபரன்ஸ் அப்படி இப்போது இல்லவே இல்லை. 2022 ஜூனில் யுஎஸ்சியும் யுசிஎல்ஏவும் பிக் டென் என்ற இன்னொரு கான்ஃபரன்ஸுக்குப் போவதாக அறிவித்தன, அடுத்த வருடம் கொலராடோ, அப்புறம் ஆரிகன், வாஷிங்டன், அரிசோனா, யூட்டா என்று வரிசையாகக் கிளம்பின, ஸ்டான்ஃபோர்ட் அட்லாண்டிக் கடற்கரைக் கான்ஃபரன்ஸுக்கே போய்விட்டது. கடைசியில் மிஞ்சியது ஆரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் (ஆரிகன், வாஷிங்டன் வேறு, இவை வேறு) இரண்டும்தான். காரணம் அமெரிக்க ஃபுட்பால் (நம் ஊர் கால்பந்து இல்லை) ஒளிபரப்புப் பணம். பிக் டென் 2022இல் போட்ட ஏழு வருட டிவி ஒப்பந்தம் 700 கோடி டாலருக்கு மேல் என்கிறார்கள். நம் ஊர் யுனிவர்சிட்டி போட்டிகளில் தென் மண்டலம் என்றால் தென் மண்டலம்தான், அழகப்பா யுனிவர்சிட்டி டிவி பணத்துக்காக வட மண்டலத்துக்குப் போகாது. அங்கே போகும். லாஸ் ஏஞ்சல்ஸில் இருக்கும் யுசிஎல்ஏ, யுஎஸ்சி பிள்ளைகள் கான்ஃபரன்ஸ் மேட்சுக்காக நியூ ஜெர்சி வரை பறக்கிறார்கள், அது ராமேஸ்வரத்துக்கும் ஸ்ரீநகருக்கும் உள்ள தூரத்தைவிட அதிகம்.

இதைக் கேட்டதும் மையத்தில் வந்த பதில்: "அக்கா, அது ஃபுட்பால் சமாச்சாரம், நம்ம பிள்ளைக்கு என்ன?" இங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. நம்ம பிள்ளைக்குத்தான் எல்லாமே. 2025 ஜூனில் அந்த வாஷிங்டன் ஸ்டேட் தன் தடகள அணியை நெடுந்தூர ஓட்டத்துக்கு மாற்றுவதாகச் சொல்லி, ஜம்ப், த்ரோ போட்டிகளை எடுத்தே விட்டது. டிரிபிள் ஜம்ப் பிள்ளைக்கு அந்த யுனிவர்சிட்டியைக் கையில் கொடுத்து அனுப்புவது எவ்வளவு பெரிய தப்பு! வீரர்கள் என்சிஏஏ மேல் போட்ட வழக்கில் அதே மாதம் வந்த கோர்ட் செட்டில்மென்ட்படி, ஒரு யுனிவர்சிட்டி தன் வீரர்களுக்கு 2025-26இல் ஏறத்தாழ 2 கோடி டாலர் வரை நேரடியாகக் கொடுக்கலாம், அதில் பெரும்பங்கு ஃபுட்பாலுக்கும் பேஸ்கட்பாலுக்கும் போகும், மற்ற விளையாட்டுகளுக்குக் கை இறுகும். செட்டில்மென்ட்டை ஏற்ற இடங்களில் ஸ்காலர்ஷிப் எண்ணிக்கைக்கான உச்சவரம்பு போய், அணிக்கு இத்தனை பேர்தான் என்று வந்துவிட்டது, தடகளத்துக்கு 45. பணக்கார யுனிவர்சிட்டி என்று நம்பிவிடவும் முடியாது, ஸ்டான்ஃபோர்டே 2020இல் 11 விளையாட்டுகளை நிறுத்தப்போவதாக அறிவித்து, எதிர்ப்புக்குப் பிறகு 2021இல்தான் அதை வாபஸ் வாங்கியது.

ஆகவே எந்த மையத்துக்குப் போனாலும் கேளுங்கள்: இந்த யுனிவர்சிட்டி இப்போது எந்தக் கான்ஃபரன்ஸ், நாலு வருடம் கழித்தும் அங்கேயே இருக்குமா, என் பிள்ளையின் போட்டிக்குத் தனி கோச் உண்டா, விளையாட்டுத் துறையில் கடன் எவ்வளவு. பதில் தெரியாவிட்டால் தேடிச் சொல்கிறோம் என்றாவது சொல்ல வேண்டும்.

ஃபைல் வேலைக்கு வாங்கிய 15,000 ரூபாய் தகும். காலேஜ் தேர்வுக்கென்று தனியாகக் கேட்ட தொகையை நாங்கள் கட்டவில்லை, லிஸ்ட்டை அவளே போட்டு, கோச்சுகளுக்கு அவளே மெயில் அனுப்புகிறாள், நான் கூட உட்கார்ந்து பார்க்கிறேன். ஐந்துக்கு மூன்று ஸ்டார். போகிறவர்கள் மார்க் ஷீட் ஒரிஜினலைக் கையோடு எடுத்துப் போங்கள், ஜெராக்ஸை மட்டும் வைத்து ஸ்கேன் போட மாட்டார்கள்.