"ரன்னிங் கண்டிஷன் குவாலிஸ் எஞ்சின்" வாங்கி ஜீப்பில் ஏற்றப் போகிறவர்களுக்கு எச்சரிக்கை

"குவாலிஸ் எஞ்சின், கியர்பாக்ஸோடு, ரன்னிங் கண்டிஷன். ஸ்டார்ட் பண்ணிக் காட்டுறோம், பார்த்துட்டுப் பணம் கொடுங்க." இந்தப் பேச்சை நம்பி ஒருவர் 65,000 ரூபாய் கொடுத்து வாங்கிய எஞ்சின், அவருடைய மகிந்திரா எம்.எம்.540 ஜீப்பில் ஏறி ஒரு மலை ஏற்றம்கூடத் தாங்கவில்லை. விற்றவர் பெயரை இங்கே போடவில்லை. இதே முறையில் விற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதால், அந்த முறையைத் தெரிந்துகொள்வதுதான் வாங்குபவருக்கு உதவும்.

மவுன்ட், அடாப்டர் பிளேட் (எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் தகடு), புரொபெல்லர் ஷாஃப்ட் வெட்டி ஒட்டுவது, பெரிய ரேடியேட்டர் என்று ஏற்றுகிற செலவு எஞ்சின் விலையைத் தாண்டியது. ஊருக்குள் ஒரு வாரம் ஓடியது. வத்தலக்குண்டு தாண்டிக் கொடைக்கானல் பாதையில் ஏறத் தொடங்கிப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் தண்ணீர் முழுவதையும் வெளியே தள்ளிவிட்டது. டெம்பரேச்சர் முள் மட்டும் நடுவிலேயே நின்றது. சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டைக் கழற்றியபோது மூன்றாவது சிலிண்டரில் இரண்டு வால்வுக்கும் நடுவே வெடிப்பு, ப்ரீ சேம்பர் (டீசல் எரியத் தொடங்கும் சிறு அறை) ஓரம் வரை போயிருந்தது. தண்ணீர் ஓடும் வழிகளில் லீக் அடைக்கும் பவுடர் களிமண்போலப் படிந்திருந்தது. அதாவது, கோளாறு தெரிந்தே விற்றிருக்கிறார்கள்.

ஸ்டார்ட் செய்து காட்டும்போது இது ஏன் தெரியவில்லை? ஐட்லிங்கில் டீசல் கொஞ்சமாகத்தான் எரியும். ஹெட் அதிகம் சூடேறாது. வெடிப்பு மூடியே இருக்கும். லோடு ஏறி ஹெட் விரியும்போதுதான் வெடிப்பு திறந்து, எரிந்த புகை தண்ணீர் ஓடும் வழிக்குள் புகுந்து தண்ணீரைத் தள்ளுகிறது. டெம்பரேச்சர் சென்சாரைச் சுற்றித் தண்ணீர் இல்லாமல் புகை நின்றுவிட்டால் முள் சரியான சூட்டைக் காட்டாது. சூடேறி ஓடிய 2எல் எஞ்சினில் (குவாலிஸில் வந்த டொயோட்டா டீசல் எஞ்சின் இதுதான்) ஹெட் வெடிப்பது மெக்கானிக்குகளுக்குத் தெரிந்த கோளாறுதான். குவாலிஸ் 2005-லேயே நின்றுவிட்டது. இன்று சந்தையில் கிடைக்கும் ஒவ்வொரு 2எல் எஞ்சினும் இருபது வருடம் தாண்டியது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எஞ்சினைப் பார்க்க நீங்கள் போய் நிற்கும்போது அது குளிர்ந்திருக்க வேண்டும். போனதும் பிளாக்கில் கை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் மறுநாள் வருகிறேன் என்று கிளம்பிவிடலாம். கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்றை அழுத்தும் பலம்) குறைந்த எஞ்சினும் சூட்டில் ஒரே செல்ஃபில் எடுக்கும். குளிரில் ஹீட்டர் பிளக் (ஸ்டார்ட் ஆக சிலிண்டரைச் சூடேற்றும் பிளக்) போட்ட பிறகும் ரொம்ப நேரம் சுற்றி, வெள்ளைப் புகையோடு ஒரு சிலிண்டர் விட்டு விட்டு அடித்தால் அதுதான் உண்மை நிலை.

ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து, தண்ணீர் நிரப்பி ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். முதலில் சிக்கியிருந்த காற்று சில குமிழியாக வந்து நின்றுவிடும். ஐந்து நிமிடம் கழித்தும் ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போதெல்லாம் குமிழி வந்தால், ஹெட் அல்லது கேஸ்கெட் போய்விட்டது. மூடியைப் போட்டுவிட்டு மேல் ஹோஸை அமுக்கிப் பாருங்கள்: தண்ணீர் சூடாகும் முன்பே ஹோஸ் கல்போல இறுகினாலும் அதே பொருள். தெர்மோஸ்டாட் மூடியைக் கழற்ற அனுமதித்தால் உள்ளே விரலை விட்டுத் துடையுங்கள். பழுப்புக் களி வந்தால் பவுடர் போட்டிருக்கிறார்கள்.

அடுத்தது ஆயில். இந்த எஞ்சினில் டிப் ஸ்டிக்கிலிருந்து ஆயில் தேன்போல இழுத்தது. தேய்ந்த பேரிங்கில் பிரஷர் காட்டவும், ரிங் போன எஞ்சினில் புகையைக் குறைக்கவும் இப்படிக் கெட்டி ஆயில் ஊற்றுவார்கள். ஆயில் ஊற்றும் மூடியைத் திருகித் திறந்து, கவிழ்த்து அந்த ஓட்டை மேலேயே வையுங்கள். ஐட்லிங்கில் லேசாக நடுங்கினால் பரவாயில்லை; எகிறி விழுந்தால் பேக் கம்ப்ரஷன், அதாவது அழுத்தம் ரிங்கைத் தாண்டிக் கீழே கசிகிறது.

இதற்கெல்லாம் மேலே கம்ப்ரஷன் கேஜ் இருக்கிறது. டீசலுக்கான கேஜ், ஹீட்டர் பிளக் ஓட்டைக்குப் பொருந்தும் அடாப்டரோடு, உங்கள் மெக்கானிக்கே கொண்டுபோக வேண்டும். முழு சார்ஜ் பேட்டரி வைத்து, டீசல் கட் சோலனாய்டு வயரைக் கழற்றிவிட்டு, நான்கு பிளக்கையும் எடுத்துச் சுற்றுங்கள். 2எல்-க்கு ஆரோக்கியமான அளவு சதுர செ.மீட்டருக்கு 32 கிலோ. 20-க்குக் கீழே போனால் ஏற்கக் கூடாது. அதைவிட முக்கியம், சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் 5 கிலோவைத் தாண்டக் கூடாது. குறைந்த சிலிண்டரில் சிறிது ஆயில் விட்டு மறுபடி பாருங்கள்: ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வோ ஹெட்டோ. "கேஜ் எல்லாம் வேண்டாம்ணே, சத்தத்தைக் கேளுங்க" என்பவரிடம் வாங்காதீர்கள்.

"கம்ப்ளீட்" என்ற சொல்லிலும் ஏமாற்று இருக்கிறது. டீசல் எஞ்சினில் பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வேக்குவம் மேனிஃபோல்டில் கிடைக்காது. 2எல்-இல் அது ஆல்டர்னேட்டரின் பின்னால் இருக்கும் பம்பிலிருந்து வருகிறது. இங்கே அந்த ஆல்டர்னேட்டரைத் தனியாக விற்றுவிட்டு, பம்ப் இல்லாத வேறொன்றை மாட்டியிருந்தார்கள். ஹீட்டர் பிளக்கிலும் 6 வோல்ட், 12 வோல்ட் என்று இரண்டு வகை உண்டு. 6 வோல்ட் பிளக்கில் நேராக 12 கொடுத்தால் சில நொடிகளில் முனை வீங்கி ஹெட்டுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். பிளக்கில் அடித்திருக்கும் எண்ணைப் பாருங்கள். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்ற பேச்சே வேண்டாம். ஏற்றும் முன் பெல்ட்டும் ஐட்லர் பேரிங்கும் புதிதாகப் போட்டே தீர வேண்டும்.

இன்னோவா போன்ற, கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் டீசல் தெளிக்கும் காமன் ரெயில் எஞ்சினை ஜீப்புக்கு யாராவது பரிந்துரைத்தால் இன்னும் கவனம். ஈ.சி.யூ. என்ற அந்த கம்ப்யூட்டர், அறுக்காத முழு வயரிங், ஆக்ஸிலரேட்டர் பெடல், இம்மொபிலைசர் சாவி எல்லாம் ஒரே வண்டியிலிருந்து வர வேண்டும். கனெக்டரை வெட்டி எடுத்த எஞ்சின் வெறும் இரும்பு.

இந்த ஜீப்புக்கு 2எல் சரியான தேர்வுதானா என்பதே முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. எங்கள் கருத்தில், ஃபோர் வீல் ஜீப்புக்கு மகிந்திராவின் 2523 சி.சி. டி.ஐ. (டைரக்ட் இன்ஜெக்ஷன்) எஞ்சின்தான் தலைவலி குறைந்தது. அது கம்பெனியே ஜீப்பில் ஏற்றிய எஞ்சின் என்பதால் பெல் ஹவுசிங்கும் (கிளட்ச்சை மூடும் கூடு) மவுன்ட்டும் கடையிலேயே கிடைக்கும். ஆனால் அதிகம் சுற்றாது. 5.38 கிரவுன் (ஆக்சிலில் உள்ள கிரவுன், பினியன் பல் விகிதம்), 6.00-16 டயர் உள்ள ஜீப்பில் 3000 ஆர்.பி.எம்.-க்கு டாப் கியரில் 75 கி.மீ. வேகம்தான் வரும், 4.88 கிரவுன் என்றால் 82. நெடுஞ்சாலையில் ஓட்ட ஆசைப்படுபவர் எஞ்சினைத் தேடும் முன் தன் கிரவுனுக்கும் பினியனுக்கும் எத்தனை பல் என்று எண்ணிக்கொள்ள வேண்டும்.

குவாலிஸ் ரியர் வீல் வண்டி. அதன் கியர்பாக்ஸில் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு (முன் சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) இடமில்லை, எஞ்சின் அடியில் ஆயில் நிற்கும் சம்ப்பும் முன் ஆக்சிலுக்காக வடிவமைத்ததில்லை. ஜீப்பில் ஆக்சில் முழுதாக மேலே ஏறிய நிலையில் சம்ப்புக்குக் குறைந்தது 40 மி.மீ. இடைவெளி இருக்கிறதா என்று வெல்டிங்குக்கு முன்பே அளக்க வேண்டும். ஜீப் கியர்பாக்ஸையே வைத்துக்கொண்டால் அடாப்டர் பிளேட் தேவை. லேத்தில் "கண் அளவுக்கு" கடைந்து கொடுப்பதை ஏற்காதீர்கள். ஃப்ளைவீலில் டயல் கேஜைக் கட்டி, பெல் ஹவுசிங் நடு ஓட்டையைச் சுற்றிப் பார்த்தால் விலகல் 0.15 மி.மீ.-க்குள் இருக்க வேண்டும். மீறினால் பைலட் பேரிங் சீக்கிரம் போகும், கிளட்ச் அதிரும், கியர் நழுவும். இந்த ஜீப்பில் மூன்றும் நடந்தன.

கடைசியாக எஞ்சின் எண். பெயின்ட்டை வயர் பிரஷ்ஷால் தேய்த்தபோது பிளாக்கில் எண் அடித்த இடம் அரம் போட்டுத் தேய்க்கப்பட்டிருந்தது. கம்பெனி அடித்த இடத்தில் மெஷின் கோடுகள் தெரியும். அது வழவழப்பாகவோ பள்ளமாகவோ இருந்தால் தொடாதீர்கள், திருட்டு வண்டியின் எஞ்சினாக இருக்கலாம். எஞ்சின் வந்த வண்டியின் ஆர்.சி. நகல், எஞ்சின் எண் எழுதிய பில் இரண்டும் கையில் வந்த பிறகே பணம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி எஞ்சின் மாற்ற ஆர்.டி.ஓ. அனுமதி முதலில் வாங்க வேண்டும். மாற்றிய 14 நாளுக்குள் தெரிவிக்கவும் வேண்டும். அனுமதியற்ற மாற்றத்துக்கு 2019 திருத்தத்தின்படி 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம்.

"ஆர்.சி. அப்புறம் பாத்துக்கலாம், பழைய எஞ்சினை எக்ஸ்சேஞ்சில் கொடுங்க, எட்டாயிரம் குறைச்சுக்கறோம்" என்றும் சொல்லியிருக்கிறார்கள். அவரும் கொடுத்துவிட்டார். ஜீப்பில் முதலில் இருந்த அந்த பூஜோ எஞ்சின் எடைக்குப் போய் உருக்கப்பட்டாயிற்று. ஆர்.சி.யில் உள்ள எண் கொண்ட எஞ்சின் இப்போது எங்கும் இல்லை. வண்டியில் இருக்கும் எஞ்சினுக்கு எண்ணே இல்லை. புது எண் ஆர்.சி.யில் ஏறும்வரை பழைய எஞ்சினைச் சாக்கு போட்டு மூடி ஷெட் மூலையிலேயே வைத்திருங்கள்.